முதியோர் வகுப்பில் ஆள் குறைவது ஏன்?

கேள்வி: ஆரணியை அடுத்த ஒரு கிராமத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் முடிவுப்படி மூன்று மாதங்களுக்கு முன் வயது வந்தோருக்கான மாலை வகுப்பைத் தொடங்கினோம். வார நாள்களில் மாலை 6.30 முதல் 8 மணி வரை வகுப்பு. மழையும் திருவிழாவும் போக 50 நாள் நடந்திருக்கிறது. சேர்ந்தவர்கள் 34 பேர். அவர்களில் 29 பேர் பெண்கள். 25 பேர் எழுத்தறியாதவர்கள். 9 பேர் ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் படிப்பை நிறுத்தியவர்கள். கல்லூரி மாணவிகள் இருவர் தன்னார்வலர்களாகக் கற்பிக்கிறார்கள். இப்போது 11 பேர்தான் வருகிறார்கள். அவர்களிலும் 7 பேர் தனித்தேர்வு எழுத விரும்புபவர்கள். நின்றுவிட்ட ஓர் அம்மா, முதல் வாரத்திலேயே தம் நகை அடகுச் சீட்டை வாசிக்கக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டார். முதலில் உயிரெழுத்தை முடித்துவிடுங்கள் என்று சொன்னோம். மக்களுக்கு ஆர்வமில்லை, மூடிவிடலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். என்ன செய்வது? தொடர்வதானால் கட்டணம் வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வகுப்பை மூட வேண்டாம். நீங்கள் எழுதிய கணக்கையே இன்னொரு முறை கூட்டிப் பாருங்கள். தனித்தேர்வுக்காகச் சேர்ந்த 9 பேரில் 7 பேர் இன்னும் வருகிறார்கள். எழுத்தறியாத 25 பேரில் எஞ்சியிருப்பவர்கள் 4 பேர். பாதிக்குமேல் குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. உங்கள் வகுப்பு ஒரு சாராருக்குப் பொருந்தியிருக்கிறது, மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆர்வம் இல்லாதவர்கள் பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ஒரு வாரம்கூடப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து வரமாட்டார்கள். உங்கள் ஊரில் 25 பேர் வந்தார்கள். அவர்கள் எதற்காக வந்தார்கள், எங்கே தட்டி நின்றார்கள் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எழுத்தறியாத ஒருவர் ஓரளவு தடங்கலின்றி வாசிக்கவும், தம் தேவைக்கு எழுதவும், கூட்டல் கழித்தல் போடவும் 200 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்பது எங்கள் துறையில் நீண்ட நாளாகப் புழங்கும் அளவு. உங்கள் வகுப்பு 50 நாளில் 75 மணி நேரம் நடந்திருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தவருக்குக் கிடைத்தது 37 மணி நேரம். வழியில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கடக்காத ஒருவரைப் பார்த்து, படிப்பு ஏறவில்லை என்று நாமும் சொல்லக்கூடாது, அவரும் தம்மைப் பற்றி அப்படி நினைத்துவிடக்கூடாது. இந்தக் கணக்கைக் குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மூடிவிடலாம் என்று சொன்னவர்கள் அதைப் பார்த்துப் பொறுமை கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இனி நேரம். மாலை 6.30 என்பது பள்ளி பூட்டப்பட்டபின் நமக்கு வசதியான நேரம். ஆனால் உங்கள் பகுதியில் ஒரு பெண்ணின் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். மாடு வைத்திருப்பவர் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்ப ஆறு மணியாகும். பிறகு உலை வைக்க வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் அன்றைக்குச் சூடான சோறு பொங்குவது அந்த ஒரு வேளைதான். பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். கணவர் வேலையிலிருந்து வந்திருப்பார். தறி இருக்கும் வீடென்றால் விளக்கு வைத்தபின்னும் தார் சுற்றும் வேலை காத்துக்கிடக்கும். இத்தனைக்கும் நடுவே எழுந்து வரும் பெண்ணிடம் ஏன் தாமதம் என்று கேட்டால் மறுநாள் அவர் வருவதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் பிற்பகலில் திரும்பியபின் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை, அல்லது இரவுச் சாப்பாடு முடிந்து எட்டரைக்கு மேல், என்று இரண்டு நேரங்கள் பெரும்பாலும் ஒத்துவரும். எது ஒத்துவரும் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யாமல், பெண்களிடமே தெருவாரியாகக் கேட்டுவிடுங்கள். ஒரு தெரு பகலையும் இன்னொரு தெரு இரவையும் சொன்னால் இரண்டு சிறு வகுப்புகள் நடத்துவதில் தவறே இல்லை. மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வாரங்களிலும் நடவு நாள்களிலும் வகுப்பே வேண்டாம். விடுமுறை என்று முன்னதாகவே அறிவித்து, மீண்டும் தொடங்கும் நாளையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், வராதவர் என்ற பெயர் யாருக்கும் விழாது. கூச்சமின்றித் திரும்பி வருவார்கள்.

இடத்தைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். பள்ளி ஊர்த்தெருவில் இருக்கிறதா, காலனியிலிருந்து எவ்வளவு தொலைவு, இருட்டிய பிறகு அந்த வழியில் பெண்கள் தனியே நடக்க முடியுமா என்பதையெல்லாம் நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். யார் யார் நின்றார்கள் என்ற பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்கள் கூட்டமாக நின்றிருந்தால், காரணம் பாடத்தில் இல்லை. அப்படியானால் வகுப்பு அந்தப் பக்கம் போக வேண்டும். ஒரு வீட்டுத் திண்ணையோ கோயில் முன்றிலோ வேப்பமர நிழலோ போதும். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் பள்ளிதான் அடிப்படை அலகு. ஆனால் பள்ளி நடத்தும் வகுப்பெல்லாம் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதம் ஒரு முறை எல்லோரும் பள்ளியில் கூடலாம். அப்படிக் கூடும்போதும் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பலகையில் அவர்களை உட்கார வைக்காதீர்கள். உயர்நிலை வகுப்பு பெஞ்சு இருக்கிறது, இல்லாவிட்டால் பாய் விரிக்கலாம். சொந்தப் பிள்ளையின் ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கத் தப்பும் தவறுமாக வாசிக்க எந்தத் தாயும் கூசுவார். ஆகவே முதல் இரண்டு மாதம் உங்கள் ஆசிரியர்கள் வகுப்பை எட்டிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

அடுத்து நான் சொல்லப்போவது என் சொந்தத் தவற்றிலிருந்து தெரிந்துகொண்டது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் வயது வந்தோருக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் ஒரு கிராமத்தில் தொண்டராக இருந்தேன். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, பலகையில் பெரிதாக எழுதினால் முதலில் சொல்லிவிடுவார். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் மூடி மடியில் வைத்துக்கொள்வார். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். மாத அறிக்கையில் அவர் பெயருக்கு எதிரே ஆர்வக் குறைவு என்று எழுதினேன். பிறகு ஒரு நாள் வேறு வேலையாக அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, கிழிந்த பாவாடையைத் தைக்க எடுத்தவர், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்துத் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரரின் கண்ணாடியை வாங்கிவந்து போடச் சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்துக்கிட்டுக் கெடந்துச்சுப்பா, இப்பதான் நிக்குது” என்றார். அறிக்கையில் நான் எழுதியிருந்த அந்தச் சொல்லை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. தொலைவில் இருப்பது நன்றாகத் தெரியும் என்பதால், வாசித்துப் பழகாத ஒருவருக்குத் தம் கண்ணில் குறை இருப்பதே தெரியாது. அச்சிட்ட எழுத்தை முதன்முதலாக உற்றுப் பார்க்கும்போது அது கலங்கித் தெரிந்தால், எழுத்து என்றாலே இப்படித்தான் இருக்கும் போலும், நமக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடுவார். எழுத்தறியாதவர்களில் நின்றுபோன 21 பேரில் நாற்பதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் மருத்துவ உதவியாளர் இருந்தால் ஒரு நாள் பள்ளிக்கு வரும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு ஒரு வேன் வைத்து எல்லோரையும் கூட்டிப் போங்கள். வாசிப்புக் கண்ணாடி விலை குறைந்த பொருள்தான். யாருக்கேனும் கண்புரை இருந்தால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் வகுப்புக்காகச் செய்யும் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். கூடவே வகுப்பறையின் குழல்விளக்கு கரும்பலகைக்கு நேராக இல்லாமல் உட்காருபவர்களின் தலைக்குமேல் எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். களைக்கொத்தும் அரிவாளும் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களில் மெலிந்த பேனா நிற்காது, வழுக்கும். தடித்த பென்சிலில் துணி சுற்றிக் கொடுத்தால் கை நடுக்கம் பாதியாகக் குறையும்.

இப்போது அந்த அடகுச் சீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த வரி அதுதான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொடக்கத்தில் நாங்கள் எல்லோருமே அதே பதிலைத்தான் சொன்னோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அ, ஆ என்று வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வாசித்தே ஆக வேண்டிய தாள் எதுவும் இல்லை, முன்னால் பத்தாண்டுப் படிப்பு இருக்கிறது. வளர்ந்தவர் நிலை வேறு. அவர் கையில் ஏற்கெனவே தாள்கள் இருக்கின்றன: குழுவின் சேமிப்புப் பாஸ்புத்தகம், மின் கட்டண அட்டை, பட்டா, மாத்திரை அட்டை, கைப்பேசிக்கு வரும் ரேஷன் செய்தி. ஒவ்வொன்றையும் பிறர் வாசித்துச் சொல்ல, அதை நம்பித்தான் அவர் காலம் தள்ளுகிறார். அந்த நம்பிக்கை எங்கோ ஓரிடத்தில் உடைந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள். ஆகவே அவர் கேட்பதிலிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும்.

இதனால் எழுத்துகளை ஒழுங்காகக் கற்பிக்க முடியாமல் போய்விடும் என்ற அச்சம் உங்கள் தன்னார்வலர்களுக்கு இருக்கலாம், தேவையில்லை. பட்டா என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ப, ட், டா என்று மூன்று எழுத்துகள்தான். ப, ட இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை, எழுதிப் பழகாத கைக்கு எளியவை. நிலத்தைப் பற்றி, அது யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பற்றி முதலில் பேச விடுங்கள். பேச்சு சூடு பிடித்தபின் சொல்லை எழுதிக் காட்டுங்கள். மறுநாள் ம் சேர்ந்தால் படம், பட்டம், பாடம். அடுத்து இகரக் குறி சேர்ந்தால் படி, பட்டி. பத்து நாளில் ஐந்தாறு எழுத்துகளை வைத்து முப்பது சொற்கள் வாசிக்கிறவர், 12 உயிரெழுத்தையும் ஒப்பித்துவிட்டு ஒரு சொல்லும் வாசிக்க முடியாதவரைவிட எவ்வளவோ முன்னே நிற்கிறார். கற்பவரின் பெயரை முதல் வாரமே எழுதக் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கைரேகையிலிருந்து கையெழுத்துக்கு வந்துவிட்டார் என்று நாம் பெருமைப்படும் பலர் தம் பெயரைக் கோலம்போல வரைகிறார்களே தவிர வாசிப்பதில்லை. கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது என்பதை அறியாமல் கையெழுத்திடுவதும் ரேகை வைப்பதும் ஒன்றுதான்.

மாணவிகள் இருவருக்கும் ஒரு வேண்டுகோள். அக்கா, அத்தை, பெரியம்மா என்று ஊர் வழக்கப்படி கூப்பிடட்டும். சிவப்பு மையை எடுத்து வைத்துவிட்டு, தவறான எழுத்தின் பக்கத்தில் சரியானதை எழுதிக் காட்டினால் போதும். பத்து முறை எழுதிவரச் சொல்வது வேண்டாம். இருவரே வாரத்தில் ஐந்து நாளும் சுமப்பது நீடிக்காது. அவர்களுக்கும் பருவத் தேர்வு வரும். இன்னும் மூன்று நான்கு பேரைச் சேர்த்து ஆளுக்கு இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனித்தேர்வுக் குழுவில் இருக்கும் 7 பேரும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தாம். அவர்களில் ஒருவர் தம் தெருவில் வகுப்பெடுக்க முன்வந்தால் அவரைவிட நல்ல ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். புதுக்கோட்டையில் அறிவொளியை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தெருப் பெண்கள்தாம். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தோடு இணைத்தார். ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்க ஒரு பெண்ணுக்கு எது தடையாக இருக்கிறது என்று பார்த்ததன் விளைவு அது. உங்கள் ஊரில் தடை வேறாக இருக்கும். சேர்ந்த ஆண்கள் ஐவரில் யாரேனும் நின்றிருந்தால், அது ஏன் என்பதையும் தனியாக விசாரியுங்கள். பெண்கள் நடுவே உட்காரும் கூச்சமாக இருக்கலாம். ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கான சாலைக் குறிகளைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றால் சிலர் திரும்பக்கூடும்.

தனித்தேர்வுக் குழுவை இப்போதே பிரித்துவிடுங்கள். அவர்களுக்கு இந்த நேரமும் இடமும் பொருந்துகின்றன, உங்கள் பட்டதாரி ஆசிரியர்களின் உதவியும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்கள் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை முதலில் எழுத வேண்டும். தேர்ச்சி பெற்றவர்கள் நேரடியாகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். பத்தாம் வகுப்பில் பலர் இடறுவது கணக்கில் என்று நினைப்போம். ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு உரிய காலத்தில் பதிவு செய்யாமல் ஓராண்டையே இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வந்த அன்றே அந்தப் பதிவை முடித்துவிடுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் எழுதலாம். ஒரு முறை பதிந்தால் ஐந்தாண்டுக்குள் பாடங்களைச் சிறிது சிறிதாக முடிக்கும் வசதி அதில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணியை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு மாநில வாரியத் தேர்வே குழப்பமில்லாத வழி.

கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எழுத்தறிவுக் குழுவிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். தேர்வுக் குழுவினர் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே செலுத்தட்டும், அது போதும். மின்சாரம், பென்சில், கண்ணாடி ஆகியவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்தால் எளிதாகச் சமாளிக்கலாம்.

எழுத்தறிவு பெற்றபின் வேண்டிய தொடர் கல்வியைப் பற்றியும் ஒரு சொல். 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் கீழ்க் கற்றவர்கள் எழுதும் தேர்வு வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50 என்று 150 மதிப்பெண்ணுக்கானது. அதில் தேறியவுடன் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டால், வாசிக்க எதுவும் கிடைக்காத ஊரில் ஓரிரு ஆண்டுகளில் எழுத்து மறந்துபோகும். அறிவொளிக் காலத்தில் நாங்கள் கண்ணெதிரே பார்த்த இழப்பு அது. மூன்று நாவல்களைத் தடங்கலின்றி வாசித்த ஒரு பெண், ஆறு ஆண்டுகள் கழித்து என்னைச் சந்தித்தபோது பேருந்துப் பலகையை வாசிக்கத் தயங்கி நின்றார். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். உங்கள் ஊரிலும் இருக்கும். பூட்டிக் கிடந்தால் ஊராட்சி நிர்வாகத்திடம் பேசிச் சாவியை வாங்குங்கள். ஒரு நாளிதழும், பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறுவர் நூல்கள் ஐம்பதும், வாரத்தில் மூன்று நாள் கதவைத் திறந்து உட்கார ஓர் ஆளும் இருந்தால் அதுவே தொடர்கல்வி மையம். மகளிர் குழுவின் தீர்மானப் புத்தகத்தை இனி ஒவ்வொரு கூட்டத்திலும் வேறு வேறு உறுப்பினர் எழுத வேண்டும் என்று குழுக்களிடம் கேட்டுப் பாருங்கள். கற்றது கையில் தங்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. நின்றவர்கள் 23 பேரின் வீட்டுக்கும் நீங்களே நேரில் போய் வாருங்கள். தன்னார்வலர்களை அனுப்ப வேண்டாம், தலைமையாசிரியர் வாசலில் வந்து நிற்பதற்கு உங்கள் ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது. ஏன் வரவில்லை என்று கேட்காமல், எந்த நேரம் தோதுப்படும் என்று மட்டும் கேளுங்கள். முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். அன்று சொன்ன பதில் சரியில்லை என்று சொல்லுங்கள். சீட்டை எடுத்துவரச் சொல்லி, அவர் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது, எடை எத்தனை கிராம், அசல் எவ்வளவு, மீட்கக் கடைசி நாள் எது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று எழுதியிருந்தால், 20,000 ரூபாய்க்கு மாதம் 400, பதினொரு மாதத்துக்கு 4,400 என்று அவரையே கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். வாய்க்கணக்கு அவருக்கு உங்களையும் என்னையும்விட வேகமாக வரும். அவர் சம்மதித்தால், தொகைகளை மாற்றி அதுபோன்ற ஒரு மாதிரிச் சீட்டைப் பெரிய தாளில் எழுதுங்கள். மறுநாள் வகுப்புக்கு அதுவே முதல் பாடமாக இருக்கட்டும்.